பித்தப்பை போன பிறகு எட்டு மாதம்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் நர்ஸ் சயாமா ஒருவர் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். உள்ளே என் கற்கள். எனக்கு ரங்கூன் பேயின்நௌங் சந்தையில் ஒரு பருப்பு புரோக்கர் கடையில் கணக்கு எழுதும் வேலை. இருபது வருடமாக உளுந்தையும் துவரையையும் உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துப் பழகிய கண், எண்ணாமல் இருக்க முடியவில்லை. மொத்தம் 17. இரண்டு பட்டாணி அளவு, மற்றதெல்லாம் உளுந்து அளவு, மங்கிய பழுப்பு நிறம். சந்தைக்கு வந்திருந்தால் இரண்டாந்தரத்துக்கும் கீழேதான் போட்டிருப்போம். சர்ஜன் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முடிந்தது. இனி இஷ்டம் போலச் சாப்பிடுங்கள், பத்து நாளில் வேலைக்குப் போகலாம்" என்றார். மனிதர் கெட்டிக்காரர், கத்தியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியை நம்பித்தான் அடுத்த எட்டு மாதத்தைத் தொலைத்தேன்.

கதை அதற்கு மூன்று வருடம் முன்பே தொடங்கிவிட்டது. எது சாப்பிட்டாலும் மேல் வயிறு கனக்கும், ஏப்பம் வரும். எல்லாரும் வாயு என்றார்கள், நானும் அப்படியே நினைத்தேன். அத்தை இஞ்சிச் சாறு கொடுத்து, "உனக்குப் பித்த உடம்புடி, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே" என்பார். மருந்துக் கடையில் காஸ்டிரிக் மாத்திரை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கினேன். 2022 அக்டோபரில் ஒரு கல்யாண வீட்டில் டம்பௌ பிரியாணி. நெய் விரலில் வழியும், அப்படிப்பட்ட பிரியாணி. அன்று இரவு பதினோரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிழிவது போல ஆரம்பித்து, முதுகுப் பக்கம் வலது தோள்பட்டை எலும்பு வரைக்கும் ஏறியது. குனிந்தாலும் குறையவில்லை, படுத்தாலும் குறையவில்லை. மூன்று மணி நேரம். வாந்தி எடுத்தும் அடங்கவில்லை. வாயு இப்படி வலிக்காது. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவில், வலது பக்கம், முதுகுக்குத் தாவுகிற வலி வந்தால் காஸ்டிரிக் மாத்திரையை வைத்துவிட்டு ஸ்கேன் எடுக்கப் போங்கள். போகும்போது ஆறு முதல் எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் சரியாகத் தெரியாது. நான் காலையில் கெட்டிப்பால் ஊற்றிய டீயைக் குடித்துவிட்டுப் போய் நின்றேன். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் சம்பளம் அப்படிப் போனது.

வீட்டுக்காரர் அப்போது ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தார், அவரால் வர முடியவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படிவத்தில் துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் பக்கத்து வீட்டு பர்மியக்கார அக்காவின் பெயரை எழுதினேன். செலவு பர்மியப் பணத்தில் 38 லட்சம் சாட். என் சம்பளம் அப்போது மாதம் 4 லட்சம். இரண்டு வளையல் போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை, கல்லோடு இருந்திருந்தால் அது பித்தக்குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டு உயிருக்கே உலை வைத்திருக்கலாம். சின்னக் கற்கள்தான் சுலபமாக நழுவுமாம். என்னுடையது பதினைந்து சின்னது.

நாலு சின்ன ஓட்டை போட்டுத்தான் எடுத்தார்கள். வயிற்றில் பெரிய வலி இல்லை. ஆனால் அன்று இரவு வலது தோளின் உச்சியில் கத்தியால் குத்துவது போல ஒரு வலி. கரண்ட் வேறு போய், ஜெனரேட்டர் எடுக்கும் வரை வார்டே இருட்டு. எனக்கு மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன். மகளுக்கு என்ன சொல்லிவிட்டுப் போவது என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது. விடிந்த பிறகு கேட்டதற்கு சயாமா சிரித்தார். ஆபரேஷன் செய்ய வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு ஊதிப் பலூன் மாதிரி உப்ப வைப்பார்கள், அதில் மிச்சம் இருப்பது உதரவிதானத்தை உறுத்தும், அங்கே இருக்கும் நரம்பு தோளோடு சம்பந்தப்பட்டது, அதனால் தோள் வலிக்கும், இரண்டு மூன்று நாளில் அதுவாகப் போய்விடும். இதை முந்தின நாள் சொல்லியிருந்தால் அரை நிமிட வேலை. மெதுவாக எழுந்து வராந்தாவில் நடந்தேன், நடக்க நடக்கக் குறைந்தது. ஆனால் நெஞ்சை அழுத்துவது, மூச்சு வாங்குவது, வியர்ப்பது சேர்ந்து வந்தால் ஊதிய வாயுதான் என்று நாமே தீர்ப்பு சொல்லக் கூடாது, அப்போதே ஆளைக் கூப்பிட வேண்டும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து ஏறி முடிக்க இருபத்தைந்து நிமிடம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது: ஒரு ஓட்டை தொப்புளிலேயே இருக்கிறது, பாவாடை, லுங்கி, பர்மிய தமேன் எதைக் கட்டினாலும் முடிச்சு சரியாக அங்கேதான் வந்து உட்காரும். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்புறம் பக்கத்து அக்காவிடம் ஒரு தொளதொள நைட்டியை இரவல் வாங்கிப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே இரண்டு நைட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் பாதி வலி தெரியாது.

ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. நான் தூக்கவில்லை, இழுத்தேன். ரங்கூனில் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். பேப்பர், காய்கறி எல்லாம் அதில்தான் மேலே வரும். ஒன்பதாம் நாள் மளிகைப் பையன் கீழே இருந்து குரல் கொடுத்தான். மகள் வீட்டில் இல்லை. இரண்டு விஸ் அரிசி, அதாவது மூன்று கிலோவுக்கு மேல். பாதி வந்ததும் தொப்புள் பக்கம் சுரீர் என்றது, கயிற்றை விட்டுவிட்டேன். அரிசி தெருவெல்லாம் சிதறி, புறாக்கள் வந்து, பையன் கீழே இருந்து கத்தி, ஒரே கூத்து. தையல் பிரியவில்லை, ஆனால் அந்த இடம் ஒரு மாதம் கன்றிப்போய்க் கிடந்தது. நம் ஊர்ப் பெண்களுக்குத் தூக்கக் கூடாது என்றால் புரியாது. தண்ணீர் வாளி, குக்கர், ஈரத் துணி, கயிறு என்று பெயர் சொல்லிச் சொன்னால்தான் புரியும்.

இதெல்லாம் தாங்கக்கூடிய வலி. உண்மையான கஷ்டம் மூன்றாவது வாரம் வந்தது. இஷ்டம் போலச் சாப்பிடலாம் என்றாரே, கடைக்குப் போன முதல் நாளே மதியம் கோழிக் குழம்பு சாப்பிட்டேன். பர்மியக் குழம்பு பார்த்தவர்களுக்குத் தெரியும், எண்ணெய் பிரிந்து ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும், அதுதான் பக்குவம். இருபது நிமிடம் ஆகவில்லை, வயிற்றைக் கலக்கியது. தண்ணீராக, பளிச்சென்ற மஞ்சளாக, போன இடமெல்லாம் எரிந்தது. ஒரு நாள் கோளாறு என்று விட்டேன். அது ஒரு நாளில் நிற்கவில்லை. காலையில் வாயில் ஏதாவது போட்டால் போதும், ஓட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை.

டிசம்பரில் ஒரு காலை, ஒய்பிஎஸ் டவுன் பஸ்ஸில் லேடான் சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டேன். பஸ் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை சில்லிட்டுப் போனது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கி, எதிரில் தெரிந்த டீக்கடைக்குள் ஓடினேன். நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் கடைக்காரப் பெண், என்னைவிட இளையவள், ஒன்றும் கேட்காமல் தன் பழைய தமேன் ஒன்றைக் கதவுக்கு மேலே போட்டாள். 47 வயதில், ஒரு அலுவலகத்தின் கணக்கையே கையில் வைத்திருப்பவள், அந்தக் கக்கூஸுக்குள் நின்று அழுதேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் கல்யாணம், சடங்கு, கோயில் அன்னதானம் எதற்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பேன், அதையும் விட்டேன். கேட்டவர்களுக்குத் தலைவலி என்றேன். கணவரிடம் போனில்கூடச் சொல்லவில்லை. இதை எப்படிச் சொல்வது?

நான் செய்த பெரிய தப்பு, சாப்பாட்டையே நிறுத்தியது. காலையில் பட்டினி, மதியம் பட்டினி, வீட்டுக்கு வந்து இரவில் ஒரே பிடியாகச் சாப்பிடுவது. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எட்டு மாதத்தில் 9 கிலோ குறைந்தேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம். "பித்தப்பையையே எடுத்தாச்சு, இனி உடம்பில் பித்தமே ஊறாது, சூடு தாங்காது" என்றார் ஒரு பெரியப்பா. கிளினிக்குகள் இன்னொரு பக்கம். கிருமி என்று மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், அதில் ஒன்று நாள் முழுக்க வாயில் தகரம் நக்கிய மாதிரி கசந்தது. கழிச்சலை நிறுத்தும் மாத்திரை கேட்டது, விட்டால் மறுபடி வந்தது. எண்டோஸ்கோப்பிக்கு 3 லட்சத்துக்கு மேல். மல, ரத்தப் பரிசோதனைகள், இரண்டு ஸ்கேன், பதினோரு தடவை டாக்டர் பீஸ். எல்லாம் கூட்டிப் பார்த்தால் 14 லட்சம் சாட், சம்பளம் இல்லாத லீவு 40 நாள். கணக்குப்பிள்ளை ஆயிற்றே, நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். பதினோரு தடவையில் ஒரு தடவைகூட, பித்தப்பை எடுத்தவள் என்று நானாகச் சொல்லவில்லை என்பதும் அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. வயிற்றைத்தான் கேட்டார்கள், நான் வயிற்றைத்தான் சொன்னேன்.

2023 ஜூலையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன், வயதானவர். வயிற்றில் தழும்பைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எப்போது ஆரம்பித்தது? சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில்? என்ன நிறம்? எரிகிறதா?" நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு காகிதத்தில் கல்லீரலையும் ஒரு குழாயையும் வரைந்தார். நம் வாயில் பித்தம் என்றால் தலைசுற்றல், வாய்க்கசப்பு, கோபம் எல்லாமே அதில் அடங்கிவிடும். டாக்டர் சொல்லும் பித்தநீர் வேறு. அது கல்லீரலில் சுரக்கிறது, ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. பித்தப்பை அதைச் சுரப்பதில்லை, சேர்த்துக் கெட்டியாக்கி வைத்திருந்து கொழுப்பு வரும்போது பிழிந்து விடும், அவ்வளவுதான். பையை எடுத்துவிட்டால் சுரப்பு நிற்காது, சரியாக மூடாத குழாய் மாதிரி குடலில் சொட்டிக்கொண்டே இருக்கும். பலருக்கு உடம்பு கொஞ்ச நாளில் பழகிவிடும். சிலருக்கு, சிறுகுடல் திரும்ப உறிஞ்சியது போக மிச்சப் பித்த அமிலம் பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுத்து விடும். அதுதான் என் மஞ்சள் கழிச்சல். பித்த அமில வயிற்றுப்போக்கு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பெயர் இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. புற்றுநோய் என்று நானாகவே முடிவு கட்டி, நகையெல்லாம் மகள் பெயருக்கு எழுதி வைத்திருந்தேன்.

மருந்து கொலஸ்டிரமின் என்ற தூள். கொலஸ்ட்ராலைக் குறைக்க வந்த பழைய மருந்து, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். நான் அலைந்த கடைகளில் அப்போது கிடைக்கவில்லை. தம்பியின் நண்பர் பாங்காக்கிலிருந்து வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஆரஞ்சு வாசனை, ஆனால் ஆற்று மணலைக் கரைத்துக் குடித்தது போல நாக்கில் நறநறக்கும். பாக்கெட்டைப் பிரித்து உலர்ந்த தூளை அப்படியே வாயில் போடக் கூடாது, தண்ணீரில் நன்றாகக் கலக்கி ஊறவிட்டுத்தான் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு லேடான் தாண்டிப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன், வயிறு சத்தமே போடவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரிந்திருக்காது.

ஆனால் இந்தத் தூளுக்கு ஒரு கெட்ட பழக்கம், கூடப் போகிற மற்ற மருந்தையும் பிடித்துக்கொண்டு போய்விடும். நான் தைராய்டு மாத்திரை போடுகிறவள். இரண்டையும் காலையில் சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை வீண். டாக்டர் அதை இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றினார், தூள் காலைச் சாப்பாட்டுக்கு முன். மற்ற எந்த மருந்தாக இருந்தாலும் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்பு, இல்லாவிட்டால் நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்து. முழு பாக்கெட் எனக்கு அதிகம், நாலு நாள் மலமே போகவில்லை. அரை பாக்கெட்டில் நின்றுவிட்டேன். ரொம்ப நாள் எடுத்தால் சில வைட்டமின்கள் குறையலாம் என்பதால் இடையில் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், என்னைப் பார்த்து வாங்கிக் குடிக்க வேண்டாம்.

வலி விஷயத்தில் ஒன்று பாக்கி. அதே வருடம் ஆகஸ்டில் முதுகுப் பிடிப்புக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த சித்தி மகன் கொடுத்த வலி மாத்திரை ஒன்றைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அதே பழைய வலி. விலாவுக்குக் கீழே பிழிந்து முதுகுக்கு ஏறியது, பித்தப்பையே இல்லாத இடத்தில்! கல் தங்கிவிட்டது என்று நடுங்கிப்போய் ரத்தம் பார்த்து, குழாயைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்தேன். கல் இல்லை. அந்த மாத்திரை அட்டையைக் காட்டியதும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. பாராசிட்டமாலோடு கோடீன் கலந்தது. பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு சின்னச் சுருக்குத் தசை இருக்கிறது, கோடீன், மார்ஃபின் வகை மருந்துகள் அதை இறுக்கிவிடலாம், பித்தப்பை எடுத்தவர்களுக்கு அது சில சமயம் இப்படி வலிக்கும். அதிலிருந்து எந்த மாத்திரைக்கும் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிறேன். எல்லா வலியும் இப்படி முடியாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள், மூத்திரம் கறுத்த டீ நிறம், மலம் வெளுத்த களிமண் நிறம், விடாத வலி, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து வருடக் கணக்கானாலும் குழாயில் கல் இருக்கலாம்.

சாப்பாட்டில் நான் கற்றதைச் சொல்கிறேன். எண்ணெயே இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்தேன், முடி கொத்தாகக் கொட்டியது, டாக்டர் திட்டினார். கொழுப்பு வேண்டும், ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். இப்போது ஐந்து வேளை, சின்னக் கிண்ணத்தில். குழம்பில் மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியில் இருந்து எடுக்கிறேன், விருந்து வீட்டில் இதை யாரும் கவனிப்பதில்லை. இட்லி நல்ல நண்பன். மொஹிங்கா சாப்பிடுகிறேன், மீன் சாறும் சேமியாவும் ஒன்றும் செய்யவில்லை, மேலே உடைத்துப் போடும் சுரைக்காய் பஜ்ஜிதான் எதிரி. தேயிலை ஊறுகாய்ச் சாலட் இரண்டு ஸ்பூன், பொரித்த பருப்பு இல்லாமல். தேங்காய்ப்பால் நூடுல்ஸ் இன்னும் ஆகவில்லை. வெறும் வயிற்றில் பால் டீயும் ஆகவில்லை, டீக்கடை மேசையில் இலவசமாக வைக்கும் வெறும் தேயிலைத் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறேன். இரவில் ஒரு ஸ்பூன் இசப்கோல், பழையவர்கள் சூரத்தி பஜார் என்னும் தெய்ஞ்சி சந்தையில் வாங்குவது, அது மலத்தைக் கட்டிக் கொடுக்கிறது. அதையும் தூளையும் தைராய்டு மாத்திரையையும் தனித்தனி நேரத்தில். எது ஆகும் எது ஆகாது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் சாப்பிட்டதையும் ஓடியதையும் எழுதிப் பாருங்கள். பையில் எப்போதும் ஒரு மாற்று உடுப்பு வைத்திருக்கிறேன், ஒரு வருடமாகத் தேவைப்படவில்லை, ஆனாலும் எடுத்து வைக்க மனமில்லை. லேடான் டீக்கடைப் பெண்ணுக்குப் புது தமேன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கு என்னை ஞாபகமே இல்லை.

மோல்மேனில் இருக்கும் என் அண்ணிக்கு இப்போது கல். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், அவளுக்குச் சொல்லத்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். "செய்துகொள்ளலாமா அண்ணி, பயமாக இருக்கு" என்று கேட்டாள், அவள் என்னையும் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். செய்துகொள், ஆனால் அதற்கு முன்னால் சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள் என்றேன். நைட்டி இரண்டு தைத்து பஸ்ஸில் போட்டு விட்டிருக்கிறேன். அவள் வீடு தரைத்தளம், கயிறு இல்லை. ஆறு வாரத்துக்கு அரிசி மூட்டையை யார் உள்ளே தூக்கி வைப்பார்கள் என்று கேட்டேன். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார் போல, போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.